சின்ன இங்கிலாந்து (கோலார் தங்கவயல்)

சின்ன இங்கிலாந்து என்பது கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்திலுள்ள தங்கவயலுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வழங்கிவரும் ஒப்புமைப் பெயர். லிட்டில் இங்கிலாந்து, மினி இங்கிலாந்து என்றும் சொல்வதுண்டு. லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் சுரங்க நிர்வாகத்தை ஏற்ற பிறகு, ஐரோப்பிய அதிகாரிகளும் பொறியாளர்களும் குடும்பத்தோடு இங்கே குடியேறினர். தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் தேவாலயங்களும் கோல்ஃப் மைதானமும் எழுந்தன. 1885இல் கிளப் தொடங்கியது. இந்தத் தோற்றமே பெயருக்கு அடிப்படை. தங்கவயலைப் பற்றி எழுதுவோர் பலர் அதை இன்றும் ஊர் முழுமைக்குமான அடைமொழியாகக் கையாளுகிறார்கள். ஆனால் அது ஊரின் ஒரு மூலைக்கு மட்டுமே பொருந்துகிற பெயர்.

ஒப்புமையை அளக்கத் தமிழில் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பிய உவமவியல், ஒரு பொருள் இன்னொன்றை ஒத்திருப்பதை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். தங்கவயலின் இங்கிலாந்துச் சாயல் இந்தப் பின்னிரண்டில்தான் நிற்கிறது. அங்கும் முழுதாக நிற்கவில்லை. குளிர்ந்த காலநிலையைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் ஊரின் உயரம் ஏறத்தாழ 850 மீட்டர், பெங்களூரைவிடக் குறைவு. வடிவத்தைப் பார்த்தாலும், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், குடியிருந்தது ‘லைன்’ எனப்பட்ட வரிசைகளில். மூங்கில் தட்டியால் அடைத்த ஓரறைக் குடிசைகளில். மக்கள்தொகையில் மிகப் பெரும் பங்கினர் வாழ்ந்த அந்த வரிசைகளுக்கு இங்கிலாந்துச் சாயல் ஏதும் இல்லை.

வினையும் பயனும் இன்னும் விலகி நிற்கின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். பாறை வெடிப்பும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசியும் அன்றாட ஆபத்துகள். மைசூர் அரசுக்கு ராயல்டி கிடைத்தது, ஈவுத்தொகை லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலும் ஆழ்சுரங்கங்கள் இருந்தன, அங்கிருந்து வந்தவர்களே இங்கே வேலையை நடத்தினார்கள், ஆகவே வினையிலும் ஒப்புமை உண்டு என்று வாதிடலாம். அது உண்மைதான். ஆனால் பெயரை வழங்கியவர்கள் மனத்தில் இருந்தது கார்ன்வால் சுரங்கம் அல்ல, கிளப்பும் தோட்டமும்தான். மின்சாரத்தைச் சான்றாகக் காட்டுவோருக்கும் இதே பதில் பொருந்தும். காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு 1905இல்தான் கிடைத்தது. இது பெரிய சாதனை. எனினும் அந்தக் கம்பி இழுக்கப்பட்டது சுரங்க எந்திரங்களை ஓட்டுவதற்காக.

தங்கவயலுக்கு உண்மையான ஒப்புமை தேடினால் அது இங்கிலாந்தில் இல்லை. அதே பட்டத்தைச் சுமக்கும் மற்ற இடங்களில் இருக்கிறது. இலங்கையின் நுவரெலியாவையும் லிட்டில் இங்கிலாந்து என்கிறார்கள். அங்கே குளிர் மெய்யானது, ஊரின் உயரம் 1,800 மீட்டருக்கு மேல். ஆனால் பங்களாக்களுக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் லயன் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். கரும்புத் தோட்ட அடிமை முறையில் வளர்ந்த பார்படோஸ் தீவுக்கும் இதே செல்லப்பெயர் உண்டு. மூன்று இடங்களிலும் பொதுவாக இருப்பது, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பும் அந்த உழைப்பில் நின்ற சிறு ஐரோப்பியக் குடியிருப்பும். வினையிலும் பயனிலும் இவை ஒன்றையொன்று ஒத்தவை.

எந்த உவமையும் முழுமையாகப் பொருந்தாது, சந்திரனை முகத்துக்கு உவமித்தால் களங்கத்தையா கணக்கெடுப்போம் என்று கேட்கலாம். ஒரு பாட்டுக்கு அந்த விலக்கு தகும். ஊரின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் பெயருக்குத் தகாது. அது விட்டுவிடுவது பெரும்பான்மையினரை. தங்கவயல் மக்களே இந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்களே என்பது வலுவான மறுப்பு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டு வேலை போன பிறகு, மருத்துவமனையும் பள்ளியும் ஒழுங்காக நடந்த காலத்தை நினைக்க அந்தப் பெயர் உதவுகிறது. அந்த உணர்வில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெருமைக்கு வேறு ஆதாரங்களும் உண்டு. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவருடைய நூல்களைச் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1930இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவை எதுவும் இங்கிலாந்தைப் பார்த்துச் செய்த நகல் அல்ல.

ஆகவே சின்ன இங்கிலாந்து என்ற பெயரை அதிகாரிகள் குடியிருப்பின் பெயராகக் கொள்வதே சரி. ஊரின் பெயர் தங்கவயல். அதற்கு அடைமொழி தேவையில்லை.