சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு காசு

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் கள்வர் கையில் சிக்கிக் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் ஒருவன் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறான். லேவியன் ஒருவனும் அப்படியே. யூதர்கள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளாத சமாரியன் ஒருவன்தான் நின்று காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். செலவுக்கென்று சத்திரக்காரனிடம் இரண்டு காசும் கொடுக்கிறான்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் இந்தக் கதைக்கு 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிஜன் தம் பிரசங்கம் ஒன்றில் வேறொரு பொருள் சொன்னார். மூத்தவர் ஒருவரிடமிருந்து வந்ததாக அவர் குறிப்பிடும் பொருள் அது. அடிபட்டவன் ஆதாம். எருசலேம் பரதீசு, எரிகோ இவ்வுலகம். ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள், சமாரியன் கிறிஸ்து. வாகனம் அவர் எடுத்த உடல், சத்திரம் திருச்சபை. காசைக்கூட விடவில்லை: ஒன்று பிதா, மற்றது குமாரன். அயலான் யார் என்ற கேள்விக்குத்தானே இந்தக் கதை சொல்லப்பட்டது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பிரசங்கத்தின் முடிவில் ஓரிஜனும், விழுந்து கிடப்பவர்களுக்கு இரங்க வேண்டும் என்று அதற்கு வந்து சேர்கிறார். ஆனால் அதற்குள் வழிப்போக்கன் மறைந்து ஆதாம் வந்துவிட்டான்.

இந்த வாசிப்பு முறை ஓரிஜன் கண்டுபிடித்ததல்ல. ஹோமரின் காவியங்களில் தேவர்கள் செய்யும் அடாத செயல்களுக்கு உட்பொருள் கற்பித்துச் சமாளிக்கும் வழக்கம் கிரேக்கரிடம் முன்பே இருந்தது. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபைலோ, இயேசுவின் காலத்திலேயே அதை மோசேயின் நூல்களுக்குப் பொருத்தினார். அதே ஊரில் பிறந்து வளர்ந்த ஓரிஜன் அதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். மனிதனுக்கு உடல், ஆன்மா, ஆவி இருப்பதுபோல் வேத வாக்கியத்துக்கும் மூன்று நிலைகளில் பொருள் உண்டு என்றார். ஆவிக்குரிய பொருள் எல்லா இடத்திலும் உண்டு. உடலுக்குரிய நேர்ப்பொருள் சில இடங்களில் இல்லவே இல்லை. சூரியன் படைக்கப்பட்டது நான்காம் நாளில் என்றால், முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் ஏது? வாசிப்பவன் இடறி நின்று ஆழமாகத் தேட வேண்டும் என்பதற்காகவே இப்படிப்பட்ட கற்கள் வழியில் போடப்பட்டிருக்கின்றன என்பது அவர் விடை.

இதைக் கொண்டு அவரை எழுத்தை மதியாத கற்பனைக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. எபிரேய மூலம், அதன் கிரேக்க ஒலிபெயர்ப்பு, நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றை ஆறு பத்திகளில் அருகருகே நிறுத்தி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட வழிசெய்த ‘ஹெக்சப்லா’ அவருடைய உழைப்பே. சுருக்கெழுத்தாளர்கள் ஏழு பேருக்கு மேல் முறைவைத்து அவர் சொல்வதை எழுதினார்கள் என்று வரலாற்றாசிரியர் யூசிபியஸ் குறிக்கிறார்.

எதிர்ப்பு அந்தியோக்கியாவிலிருந்து வந்தது. 4ஆம் நூற்றாண்டில் அங்கே டியோடோரும், அவருடைய மாணவர்களான யோவான் கிறிசோஸ்தோமும் தியடோரும் வேறு விதமாக வேதம் படித்தார்கள். எழுதியவர் யார், எந்தச் சூழ்நிலையில் எழுதினார், வாக்கியம் எப்படித் தொடர்கிறது என்பதிலிருந்தே அவர்கள் தொடங்கினார்கள். உட்பொருளே கூடாது என்பதல்ல அவர்கள் வாதம். அடித்தளமான வரலாறு நிற்க வேண்டும், அதன்மேல்தான் உயர்ந்த பொருளைக் கட்டலாம் என்றார்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகப் பவுல் காட்டுகிறாரே என்று எதிர்த்தரப்பு கேட்டது. பவுல் ஒப்புமைதான் சொன்னார், அந்தப் பெண்கள் வாழவே இல்லை என்று சொல்லவில்லை என்பது தியடோரின் மறுமொழி.

392இல் கிலிக்கியாவின் மொப்சுவெஸ்தியா நகருக்கு ஆயரான இந்தத் தியடோர், தம் முறையைக் கடைசி வரை கொண்டுபோனவர். 150 சங்கீதங்களில் கிறிஸ்துவை நேராக முன்னறிவிப்பவை நான்கே என்றார்: 2, 8, 45, 110. சிலுவைக் காட்சியோடு எல்லோரும் சேர்த்துப் படிக்கும் 22ஆம் சங்கீதம் அந்தப் பட்டியலில் இல்லை. அது அப்சலோமின் கலகத்தில் தாவீது பட்ட வேதனை. உடைக்குச் சீட்டுப் போடும் வரி பின்னால் நடந்ததற்குப் பொருந்தியதால் நற்செய்தியாளர்கள் எடுத்தாண்டார்கள் என்றார். ஓரிஜன் பத்து நூல்களாக உரை எழுதிய உன்னதப்பாட்டு, தியடோருக்குச் சாலமோன் தம் எகிப்திய மனைவிக்காக எழுதிய பாட்டு, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், எழுத்தைப் பிடித்து நின்ற தியடோருக்கு எபிரேயம் தெரியாது. கிரேக்க மொழிபெயர்ப்பையே நம்பினார்.

553இல் பேரரசர் ஜஸ்டினியன் கூட்டிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம், இறந்து 125 ஆண்டுகளாகிவிட்ட தியடோரையும் அவர் நூல்களையும் சபித்தது. சங்கீத உரையும் உன்னதப்பாட்டு விளக்கமும் குற்றச்சாட்டில் இடம்பெற்றன. கிறிஸ்துவின் இரு தன்மைகளைப் பற்றி அவர் எழுதியதுதான் பெரிய குற்றம். அதே சங்கத்தின் சாபப் பட்டியலில் ஓரிஜனின் பெயரும் இருக்கிறது. எதிரெதிராக நின்ற இருவரும் ஒரே தாளில். அவர்கள் எழுதிய கிரேக்க மூலங்களில் பெரும்பகுதி அழிந்தது. பவுலின் சிறிய நிருபங்களுக்குத் தியடோர் எழுதிய உரை, அம்புரோசு எழுதியது என்ற தவறான பெயரில் லத்தீனில் தப்பியது.

மேற்கே ஓரிஜனின் வழி வேறு பெயர்களில் வளர்ந்தது. எருசலேம் என்ற ஒரே சொல்லை யூதர்களின் நகரமாகவும் திருச்சபையாகவும் மனித ஆன்மாவாகவும் பரலோக நகரமாகவும் படிக்கலாம் என்று 5ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் காட்டினார். இந்த நால்வகைப் பொருள் இடைக்கால ஐரோப்பா முழுவதற்கும் பாடமாயிற்று.

தியடோரின் வழி கிழக்கே போனது. எதேசா நகரப் பள்ளியில் அவருடைய உரைகள் சிரியாக் மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. 489இல் பேரரசர் சீனோ அந்தப் பள்ளியை மூடினார். அதற்கு முன்பே நர்சாய் என்ற ஆசிரியர் எல்லை தாண்டிப் பாரசீக ஆட்சியிலிருந்த நிசிபிஸில் பள்ளி அமைத்திருந்தார். அந்தப் பாரசீக நாட்டுக் கிறிஸ்தவர்களின் கீழைத் திருச்சபைக்குத் தியடோர் என்ற பெயரே தேவைப்படவில்லை. ‘உரையாசிரியர்’ என்றாலே அவர்தான். அந்தத் திருச்சபையின் ஆயர்கள் மெசபடோமியாவிலிருந்து கடல்வழியாக மலபார் வரை வந்தார்கள். சிரியாக் வழிபாட்டு நூல்களும் அவர்களோடு வந்தன.

1599 ஜூனில் கோவாவின் கத்தோலிக்கப் பேராயர் மெனேசிஸ், கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் மலபார்க் கிறிஸ்தவர்களைக் கூட்டினார். தியடோர், டியோடோர் முதலானோரின் பெயரிலிருந்த பூசை முறைகளை எரிக்க வேண்டும், மற்ற சிரியாக் ஏடுகளைத் திருத்தவோ அழிக்கவோ ஒப்படைக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் ஆணையிட்டது. மொப்சுவெஸ்தியா ஆயர் இறந்து அப்போது 1,171 ஆண்டுகள் ஆகியிருந்தன.