தரைக்கடியில் எழும் நஞ்சு

எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டை இருக்கும் வீட்டை வாசலிலேயே அறியலாம், மணம் காட்டிக்கொடுத்துவிடும். மணமும் நிறமுமற்ற நஞ்சு வீட்டினுள் புகுந்தால் எவ்வாறு அறிவது?

அமெரிக்காவில் நயாகரா நகரத்தில், ரசாயனக் கழிவுகளைப் புதைத்த லவ் கால்வாயின் அருகே வீடுகள் எழுந்தன. அந்நஞ்சு நிலவறைகளுள் கசிந்தமையால், 1978இல் மக்கள் வீடுகளைத் துறந்து வெளியேறினர்.

நம் கோடைக்கானலில், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் ஆலை மண்ணில் பாதரசம் தங்கிற்று. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்பினது பாதரசம்.

வீட்டினுள் வெப்பக்காற்று மேலெழும்போது, தரை வெடிப்புகள் வழியே மண்ணிடைக் காற்று உள்ளே ஈர்க்கப்படுகிறது. ஆகவே ஆய்வாளர் தரையில் சிறு துளையிட்டுக் கீழுள்ள காற்றை எடுப்பர். அதனை வீட்டின் உள், வெளிக் காற்றுகளோடு ஒப்பிடுவர். நஞ்சு கீழே மிகுந்தும், உள்ளே குறைந்தும், வெளியே இல்லாமலும் இருப்பின், அது மண்ணிலிருந்தே வந்தது எனத் துணியலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் வகுப்பில் வெப்பமானி உடைந்தது. பாதரச மணிகளை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினேன். அவை தரை வெடிப்பில் ஓடி மறைந்தபோது மாணவரோடு சேர்ந்து நானும் நகைத்தேன். அவை மறையவில்லை, அவ்வறையின் காற்றில்தான் கலந்திருக்கும். மண்ணுள் போனது ஒழிந்தது என்று நீங்களேனும் எண்ணாதீர்கள்.