ஒரு அணாவிலிருந்து நம்ம குழு அடுப்பு வரை

மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கக்கா என்று செயலாளர் கேட்டபோது, சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் எழுதுவீங்க, நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பத்தி எழுதுறேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு எங்க வீட்டுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் சொந்தம்.

பள்ளியில் சோறு போடுவது எம்.ஜி.ஆர். காலத்தில் வந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கும் 62 வருஷம் முந்தி, 1920ல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதே ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. அதற்குப் பணம் ஒதுக்க வெள்ளைக்கார அரசு தடை சொன்னதால் இடையில் நின்றும் போனது. பிறகு 1956ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். ஊர்க்காரர்களிடம் அரிசியும் பருப்பும் பணமும் வாங்கித்தான் அப்போது பல ஊரில் உலை வைத்தார்கள்.

1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை. 1984ல் 15 வயது வரை நீட்டினார்கள். நான் அப்போது ஒண்ணாம் வகுப்பு. எங்க அப்பா தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குச் சத்துணவில் ஆயா வேலை கிடைத்தது. எத்தனையோ விதவைப் பெண்களுக்கு அது கைகொடுத்தது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எங்க வீடு காலனியில். அம்மா சேர்ந்த முதல் வாரமே சில வீடுகளிலிருந்து பிள்ளைகள் தூக்குவாளியில் சோறு கொண்டு வர ஆரம்பித்தன. பெரியவங்க கூடிப் பேசி ஒரு வழி பண்ணினார்கள். அம்மா விறகு கொண்டு வரலாம், தண்ணி சுமக்கலாம், பாத்திரம் கழுவலாம். அடுப்புக்கிட்ட மட்டும் போகக் கூடாது, கரண்டியைத் தொடக் கூடாது. சம்பளம் வருதே என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. வரிசையில் உட்கார்ந்து தட்டை நீட்டும்போது, சுவரோரம் நிற்கிற அம்மாவை நான் பார்க்க மாட்டேன். அதை நினைத்தால் இப்பவும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டு வருஷம் அப்படியே போச்சு.

1989ல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒண்ணு. நான் எட்டாவது. பள்ளிக்குப் போகாத சின்னத் தம்பிக்குப் பாதி முட்டையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக் கொண்டு போவேன். 2010ல் வாரம் ஐந்து முட்டை என்றாகிவிட்டது. ஒண்ணிலிருந்து அஞ்சுக்கு வர இருபது வருஷம் பிடித்திருக்கிறது பாருங்க.

இதெல்லாம் கட்சிகள் மனசு வைத்துக் கொடுத்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு அது பிள்ளைகளின் உரிமை ஆனது. 2004ல் அதே நீதிமன்றம், சமைக்கிற வேலையில் தலித், பழங்குடிப் பெண்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. இதை நான் ரொம்பத் தாமதமாக ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

அது தெரிந்ததால்தான் போன ஆண்டு கூட்டத்தில் என்னால் பேச முடிந்தது.

காலை உணவுத் திட்டம் 2022ல் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும். சமைப்பது நம்ம குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கிற பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. தன் பிள்ளை சாப்பிடுகிற சோற்றில் யார் கை அசட்டையாக இருக்கும்? பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. (காய் தாராளமாகப் போட்டால்தான் சாம்பார் சாம்பாராக இருக்கும். இது என் சொந்தக் கருத்து.)

நம்ம ஊரில் பழைய ஆள் நின்றதால் வேறு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். மறுநாளே ஐந்து வீட்டுப் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். “எதுக்குக்கா வம்பு, வேற ஆளைப் போட்டுடலாம்” என்று கூட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பள்ளியில் சண்டை வேண்டாம் என்றுதான். நான் எழுந்து எங்க அம்மா கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2004 உத்தரவையும் சொன்னேன். ஆளை மாற்றுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நிர்வாகிகள் முறை வைத்துக் காலையில் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஐந்து வீட்டுக்கும் நேரில் போனோம். ஒரு வீட்டில் தண்ணிகூடக் குடுக்கவில்லை. ஒரு மாசத்தில் மூணு பிள்ளைகள் வந்துவிட்டன. இரண்டு பிள்ளைகள் இன்னும் வீட்டில்தான் சாப்பிட்டு வருகின்றன. அந்த வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும்.

புதன்கிழமை என் முறை, பொங்கல் நாள். போன மாசம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தெட்டு வயசு, கண் சரியாகத் தெரியாது. அந்தப் பெண் கரண்டியில் சாம்பாரை எடுத்து அம்மா கையில் விட்டாள். நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி தாயி, என்றது.