ஜப்பானில் இருவர் பாடும் காதற்பாட்டு

நம் திரைப்படங்களில் காதலர் இருவர் சேர்ந்து பாடும் பாட்டை 'டூயட்' என்று வழங்குகிறோம். ஜப்பானியரும் இதே ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கு ஏற்றபடி 'டியூயெட்டோ' என்று ஆக்கிக்கொண்டனர். சொல் ஒன்றாயினும் பயன் வேறு. நாம் பிறர் பாடக் கேட்டு மகிழ்கிறோம். அவர்களோ தாமே பாடுவதற்கென்று அப்பாட்டுகளை வைத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு விந்தை உண்டு. அவற்றைப் பாடும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் காதலர் அல்லர். மதுக்கடைக்கு வந்த வாடிக்கையாளரும் அங்கே பணிபுரியும் பெண்ணும், அலுவலகத் தலைவரும் அவர் கீழ் வேலை பார்க்கும் இளம் எழுத்தரும், இப்படித்தான் இணை அமையும். நான்கு நிமிடம் காதலராக நின்றுவிட்டுக் கைதட்டல் பெற்றுத் தத்தம் இருக்கைக்குத் திரும்புவர். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எங்கே சென்று இடறியது என்பதே இன்று நாம் காணப் புகும் பொருள்.

ஜப்பானில் திருமணம் நெடுங்காலமாகப் பெரியோர் பேசி முடிக்கும் காரியமாகவே இருந்து வந்தது. 1947ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, ஆண் பெண் இருவருடைய சம்மதம் ஒன்றே திருமணத்துக்கு அடிப்படை என்று விதித்தது. சட்டம் ஒரு நாளில் வந்துவிடும். வழக்கம் அப்படி வருமா? காதல் மணங்களின் தொகை பெரியோர் பேசி முடித்த மணங்களின் தொகையை விஞ்சியது 1960களின் பிற்பகுதியிலேதான். இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில், காதலிக்க உரிமை இருந்தது; காதலைப் பேசுவதற்கு வாய்மொழி இல்லை. அந்த வாய்மொழியைப் பாட்டு எழுதுவோர் தந்தனர் என்பது நம் கருத்து.

1959இல் 'டோக்கியோ நைட் கிளப்' வெளிவந்தது. பாடியவர்கள் பிராங்க் நாகாய், மாட்ஸுஓ கஸுகோ என்ற இருவர். நாகாய், போருக்குப் பின் அமெரிக்கப் படையினரின் கேளிக்கை விடுதிகளில் பாடிப் பழகியவர்; தாழ்ந்த குரல் உடையவர். 1961இல் வந்த 'கின்ஸாவின் காதல் கதை' இவ்வகைப் பாட்டுகளுக்கெல்லாம் தலைமகன் எனலாம். அதைப் பாடிய இஷிஹாரா யூஜிரோ சங்கீதம் பயின்றவர் அல்லர். நிக்கட்ஸு கம்பெனியின் திரைப்பட நாயகர். அவருடன் பாடியவர் மாகிமுரா ஜுன்கோ. குரலை உயர்த்தாமல், அருகில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாடும் யூஜிரோவின் முறை, பாடத் தெரியாத ஆடவர் அனைவர்க்கும் துணிவு தந்தது. மறு ஆண்டே அப்பாட்டின் பெயரால் ஒரு திரைப்படமும் வந்தது.

1962இல் வெளிவந்த 'என்றும் கனவுகளை' என்னும் பாட்டின் சுவை வேறு. பாடிய ஹாஷி யுகியோவுக்கு அப்போது வயது 19. யோஷிநாகா சயூரிக்கு 17. அவ்வாண்டின் ஜப்பான் இசைத்தட்டுப் பரிசு இதற்கே கிடைத்தது. ஆணும் பெண்ணும் பாடினாலும் இதில் ஒருவரையொருவர் நோக்கிக் காதல் பேசுவதில்லை. இருவரும் வேறொரு பெண்ணைப் பற்றியே பாடுகிறார்கள். அதனால் அண்ணனும் தங்கையும்கூட இதைக் கூசாமல் பாடலாம். 1954 முதல் வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த சிறுவர் சிறுமியர் தனி ரயில்களில் கூட்டம் கூட்டமாக டோக்கியோவின் ஊயெனோ நிலையத்தில் வந்து இறங்கிய காலம் அது. பகலில் தொழிற்சாலையும் இரவில் பள்ளியுமாக வாழ்ந்த அவ்விளைஞர்களுக்கு இப்பாட்டு உறவினர் போல் ஆயிற்று. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து பிற மாநில நகரங்களில் குடியேறிய நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

மொழியின் நுட்பம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மதுக்கடைப் பாட்டுகளில் ஆண் பெண்ணை 'ஓமாயே' என்பான்; பெண் அவனை 'அனாத்தா' என்பாள். ஆங்கிலத்தில் பெயர்த்தால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். தமிழிலோ, கணவன் 'நீ' என்பதும் மனைவி 'நீங்கள்' என்பதுமாக நம் வீடுகளில் வழங்கும் வேறுபாடு அதை அப்படியே காட்டிவிடுகிறது. இருவரும் சமமாகப் பாடுவது போல் தோன்றும் பாட்டில் உயர்வு தாழ்வு இந்த ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது.

இனி, பாடும் இடத்தைப் பார்ப்போம். கிதாரும் அக்கார்டியனும் ஏந்திக் கடைதோறும் சென்று, கேட்ட பாட்டுக்கு வாசித்துக் காசு பெறும் கலைஞர்கள் முன்னாளில் இருந்தனர். அவர்களுக்கு 'நாகாஷி' என்று பெயர். 1967இல் டோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பார் பின்னணி இசைக்கு ஏற்பப் பாடுவதற்கு ஒரு பெட்டி செய்தார். 1971இல் கோபே நகரத்தில் இனோஉயே தாய்ஸுகே என்ற வாத்தியக் கலைஞர், காரில் வைக்கும் நாடா இயந்திரம், ஒலிவாங்கி, 100 யென் நாணயம் போடும் பெட்டி ஆகியவற்றை இணைத்து 11 கருவிகள் அமைத்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் குறுக்கம். வாத்தியக்காரர் இல்லாத வாத்தியம் என்னும் பொருளுடைய அச்சொல்லே இன்று நம் ஊர்களில் கரோக்கே என்று வழங்குகிறது.

தனியே பாட நாணுவோர்க்குத் துணையோடு பாடுவது எளிது. ஆகவே இருவர் பாட்டுக்குத் தேவை பெருகியது. மதுக்கடையில் பாடுவதற்கென்றே பாட்டுகள் எழுதப்பட்டன. சுரம் மிக ஏறாது, மிக இறங்காது, குடித்தவரும் பிழையின்றிப் பாடும்படி அவை அமைந்தன. திரையில் சொற்கள் ஓடத் தொடங்கிய பின், ஆண் பகுதி நீலத்திலும் பெண் பகுதி சிவப்பிலும் வருவது வழக்கமாயிற்று. எண்ணெய் நெருக்கடிக்கு மறு ஆண்டாகிய 1974இல் ஸாகுராவும் இச்சிரோவும் பாடிய 'ஷோவாக் காலத்து உலர்ந்த நாணல்' வறுமையில் தோற்றுப்போன இருவரின் புலம்பல். 1975ஆம் ஆண்டின் விற்பனையில் அதுவே முதலிடம் பெற்றது. 1979இல் வந்த 'பிரிந்தாலும் பிரியமானவர்' பழைய காதலர் தற்செயலாய்ச் சந்திப்பதைச் சொல்வது. 1982இல் ஒரு பாட்டில் கணவன் தன் தவறுக்குச் சாக்குச் சொல்ல மனைவி கடிந்துகொள்கிறாள். மறு ஆண்டு மியாகோ ஹாருமியும் ஓகா சியாகியும் பாடிய 'நானிவாக் காதல் மழை'யில், கலைக்காக மனைவியை வாட்டும் ஒசாகாக் கதைசொல்லியை அவள் பொறுத்துக்கொள்கிறாள். இவ்விரண்டும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடப்பட்டன என்பதே அக்காலத்தின் மனநிலையை நமக்குக் காட்டும்.

ஆனால் எதிரே நின்று பாடிய பெண்ணின் நிலை என்ன? மதுக்கடைப் பெண்ணுக்கு அப்பாட்டு கூலி வேலை. வாடிக்கையாளர் பத்தாம் முறை அழைத்தாலும் முகம் மலர்ந்து பாட வேண்டும். அலுவலகப் பெண்ணுக்கு அந்தக் கூலியும் இல்லை. ஆண்டு இறுதி விருந்தில் தலைவர் ஒலிவாங்கியை நீட்டினால் மறுக்க முடியாது. தோளில் கை விழுந்தாலும் விலக முடியாது. 1989இல் பாலியல் தொல்லையைக் குறிக்கும் 'ஸெகுஹாரா' என்ற சொல் அவ்வாண்டின் புதுச்சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1999 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசு ஊழியர் விதிக்குரிய வழிகாட்டுக் குறிப்புகளில், தொல்லையாகக் கருதத்தக்க செயல்களுள் ஒன்றாக, கரோக்கேயில் டூயட் பாடும்படி வற்புறுத்துதல் என்பதும் இடம்பெற்றது. அரசாங்க விதிகளை மொழிபெயர்ப்பதிலேயே நாள் கழிக்கும் நாம், காதற்பாட்டு விதிப்புத்தகத்தில் ஏறிய இடம் வேறொன்றைக் கண்டதில்லை. சம்மதமே அடிப்படை என்று திருமணத்துக்கு விதித்து அரை நூற்றாண்டு கழிந்த பின், பாட்டுக்கும் அதே விதி தேவைப்பட்டது.

விதி தடுத்தது வற்புறுத்தலை, பாட்டை அன்று. 2013இல் ஜப்பான் தேசிய ஒளிபரப்பு நிறுவனம் வழங்கிய 'அமாச்சான்' தொடர் நாடகம், 2011ஆம் ஆண்டுப் பேரலையால் தாக்குண்ட வடகிழக்குக் கடற்கரையைப் பற்றியது. இளமையில் ஒருமுறை மேடையில் ஹாஷி யுகியோவுடன் 'என்றும் கனவுகளை' பாடிய கடலில் மூழ்கித் தொழில் செய்யும் மூதாட்டி ஒருத்தி அதில் வருகிறாள். எழுபது வயதாகிவிட்ட ஹாஷி, தம் வேடத்தைத் தாமே ஏற்று, அவள் முன் வந்து நின்றார்.