துப்பாக்கி விசையும் நம் தீவின் கொல்லர்களும்



துப்பாக்கி என்றால் கொக்கட்டிச்சோலைக்கு 1987உம் 1991உம்தான் நினைவுக்கு வரும். அந்த வலியை மதித்தே எழுதுகிறேன்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் நம் தீவின் கொல்லர்கள் துப்பாக்கி செய்யக் கற்றார்கள். முதலில் திரித் துப்பாக்கி: விசையை இழுத்தால் எரியும் திரி மருந்தில் படும். மழையில் அணைந்துவிடும். பிறகு சக்கிமுக்கிக்கல்: வில் விடுபட்டு, கல் உருக்கில் மோதித் தீப்பொறி பறக்கும். ஐரோப்பியர் வலப்பக்கம் வைத்த பொறியை நம்மவர் இடப்பக்கம் வைத்தார்கள். கோவாவில் இருந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன், இலங்கைக் குழல்களின் மினுக்கைப் புகழ்ந்து எழுதினார்.

இன்றைய காற்றுக் கைத்துப்பாக்கிக்கு மருந்தே வேண்டாம். அழுத்திய காற்றே குண்டைத் தள்ளும். ஒலிம்பிக் 10 மீற்றர் போட்டியில் விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. தொட்டாலே வெடிக்கும் விசைக்கு அங்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கு ஆயுதம் வேண்டாம். ஆனால் அந்தக் கொல்லர்களின் கைத்திறனைச் சொல்லிக்கொடுப்போம். நீர்ப்பம்பி திருத்தவும் அதே அறிவுதான் வேண்டும்.