வில்பத்து என்னும் சொல்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அமைந்தது முசலி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்களும் வெறுமையாயின. மக்கள் மீளத் தொடங்கியது 2009இல் போர் முடிந்த பின்னரே. அதற்குள் வயலும் முற்றமும் காடாகியிருந்தன. 2012இல் அந்நிலத்தின் ஒரு பகுதி வர்த்தமானியில் வனமென அறிவிக்கப்பட்டது.

வரம்பு மீறிய காடழிப்பும் நிகழாமலில்லை. கல்லாற்று வனத்தை மீள நடுமாறு 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் ஒருவருக்குக் கட்டளையிட்டது. வழக்கு வேறு, மேடை வேறு. மேடையில் "வில்பத்துவைக் காப்போம்" என்றாலே போதும். இனத்தின் பெயர் வேண்டியதில்லை, கேட்போர் அறிவர். தேசியப் பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு என்பதையும், அவ்வூர்கள் ஆற்றுக்கு வடக்கே உள்ளன என்பதையும் நினைத்தோர் சிலரே.

1956இல் "24 மணி நேரத்தில் சிங்களம்" என்ற வாக்குறுதி தன் நோக்கத்தை மறைக்கவில்லை. 2019 சனாதிபதித் தேர்தலின் "ஒரே நாடு, ஒரே சட்டம்" நயமிக்கது. சட்டம் ஒன்றாயிருப்பதை யார்தாம் மறுப்பர்? ஆனால் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த அவ்வாண்டில், அது முஸ்லிம் தனியார் சட்டத்தையே சுட்டுவதாகப் பலர் கொண்டனர். 2021இல் அத்தொடரின் பெயராலேயே ஒரு செயலணி அமைந்தது. அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் பொதுபல சேனாவின் ஞானசார தேரர்.