சபையில் சொன்ன பதில்

கொட்டிவாக்கம் குப்பத்துல கரையேத்தி வச்சிருக்கிற போட்டுகளைப் பார்த்தா, கடல்ல எல்லைக்கோடு இருக்குன்னே தோணாது. ராமேஸ்வரத்துல அந்தக் கோடு தினசரிக் கவலை. அது எப்படி வந்துச்சுன்னு பார்க்கலாம்.

1974 ஜூன்ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டாங்க. சுமார் 285 ஏக்கர் கச்சத்தீவு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. கையெழுத்தான பிறகுதான், ஜூலை 23 அன்னைக்கு, வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் விளக்கம் சொல்றார்: மீன்பிடிப்பு, அந்தோணியார் கோயிலுக்குப் போறது, படகுப் போக்குவரத்துன்னு பழைய உரிமைகள் எல்லாமே பத்திரம்.

திமுகவின் இரா. செழியனும் ராமநாதபுரம் எம்.பி. மூக்கையா தேவரும் விடலை. சபையைக் கேக்காம எப்படி முடிவு பண்ணீங்கன்னு எதிர்த்தாங்க.

அடுத்து 1976 மார்ச் 23. எமர்ஜென்சி காலம். திமுக ஆட்சியைக் கலைச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. ரெண்டு நாட்டு அதிகாரிகளும் கடிதம் பரிமாறிக்கிட்டாங்க: ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக் கூடாது. அமைச்சர் பத்திரம்னு சொன்னதுல முதல் உரிமையே போச்சு.

யாழ்ப்பாணத் தமிழ் மீனவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு. நம்ம இழுவைப்படகுகள் அவங்க வலையையும் கடலையும் நாசம் பண்ணுதுங்கிறாங்க. அதையும் சேர்த்துதான் பேசணும்.

ஆனா அன்னைக்கு அந்த ரெண்டு பேரும் எதிர்த்துப் பேசினது வீண் இல்லைன்னு நான் நினைக்கிறேன். 2024-ல ஜெய்சங்கர் கச்சத்தீவு பத்திப் பேசினப்பவும், ஸ்வரண் சிங்கோட அந்தப் பேச்சைத்தான் எடுத்துப் படிச்சார். அவைக்குறிப்புல ஏறினது அழியலை.